என் பெயரில் வேறொருவர் குருதி

சின்னத்தம்பி நல்லரத்தினம், அகவை அறுபத்தொன்று, வதிவிடம் உன்னிச்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் மேடைப் பேச்சாளருமாகிய நான், கதிர்ப்படப் பணியாளர் றுமைஸாவுக்கு எதிராக என் மனைவி கேதீஸ்வரி அளித்த முறைப்பாடு தொடர்பில், பொலிஸ் அலுவலர் முன்னிலையில் என் விருப்பத்தின்படி கூறுவதாவது:

கடந்த சனவரியில் என் இடச்செவி கேளாமற் போயிற்று. செவி நரம்பிற் கட்டி இருக்கலாமென்றும், எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படத்தில் அது துலங்குவதற்குக் கடோலினியம் கலந்த மருந்தை நாளத்தில் ஏற்றவேண்டுமென்றும், அதற்குமுன் சிறுநீரகம் நலமாயுள்ளதெனக் காட்டும் குருதி அறிக்கை வேண்டுமென்றும் வைத்தியர் எழுதித் தந்தார். எனக்கு நான்கு ஆண்டுகளாகச் சிறுநீரக நோய் உண்டு. வேறொரு மருத்துவமனையில் அதற்கு மருந்தெடுத்து வந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மருந்தேற்ற மாட்டார்கள், கட்டியும் தெரியாது, மேடையும் போய்விடும் என்று எண்ணினேன்.

அதன்பின்னர், மார்ச் பதினோராம் நாள், மனைவியின் தம்பி நிலோஜனைச் செங்கலடியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்று, என் பெயரில் அவர் குருதியைக் கொடுக்கச் செய்தேன். ஊசியென்றால் அச்சம் என்றே அவரிடம் கூறியிருந்தேன். "அத்தான், மேடையில ஊரையே அதட்டுற ஆள், ஒரு ஊசிக்கு என்ட கையக் கேக்கிறீங்களே," என்று நகைத்தார்.

அதன்பின்னர், மூன்றாம் நாள், படமெடுக்கும் அறையில் றுமைஸா அறிக்கையை வாசித்துவிட்டு, "ரிப்போட் நல்லாத்தான் இருக்கு. எண்டாலும் கேக்கன் ஐயா, கிட்னி வருத்தம் ஏதும் இருக்கா?" என்று வினவினார்.

"வயல் வட்டைக்குள்ள இறங்கி வேலை செய்யிறவன் நான். எனக்கென்ன வருத்தம், மகள்?" என்றேன்.

"மேடைப் பேச்சு வேணாம். ஓமா, இல்லையா?"

"இல்லை" என்றேன். அவர் அதைப் படிவத்தில் எழுத, நான் கையொப்பமிட்டேன். அதன்பின்னரே மருந்து ஏற்றப்பட்டது. படத்திற் கட்டி எதுவும் இருக்கவில்லை.

அதன்பின்னர் ஐந்து வாரங்களில் என் கால்களிலும் கைகளிலும் தோல் பலகைபோல் இறுகியது. சிறுநீரகம் பழுதுற்றவரின் உடலைவிட்டு அம்மருந்து எளிதில் நீங்காது, இவ்வாறு செய்யக்கூடும் என்று, தோலிற் சிறு துண்டெடுத்துச் சோதித்த வைத்தியர் கூறினார். றுமைஸா எதுவும் கேளாமல் ஏற்றினார் என்று மனைவி முறைப்பாடு செய்தபோது நான் அருகில் இருந்தேன். மறுக்கவில்லை. றுமைஸா பணியிலிருந்து நிறுத்தப்பட்டு இன்றுடன் நாற்பத்திரண்டு நாள்கள்.

அவர் இருமுறை கேட்டார். நான் இருமுறையும் பொய் சொன்னேன். குருதி மாற்றியது மனைவிக்குத் தெரியாது. மாற்றியதன் காரணம் நிலோஜனுக்குத் தெரியாது.

மேலே எழுதப்பட்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அவை யாவும் உண்மை. விரல்கள் மடங்காமையால் எழுதுகோல் பிடிக்க இயலவில்லை. கையொப்பத்துக்குப் பதிலாக இடக்கைப் பெருவிரல் அடையாளம் இடுகிறேன்.