கயிற்றில் மரியாதை கிடையாது

தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். பரவாயில்லை, ஐம்பத்திரண்டு வயதுக்கு அதுவே நல்லது. காகிதமும் பேனாவும் கொடுத்து, தமிழிலேயே எழுதலாம் என்று சொன்ன மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்கு முதலில் நன்றி. நேற்று அந்த மாணவியின் கைபேசி வீடியோவை இரண்டு முறை கேட்டுவிட்டு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தீர்களே, அப்போதே உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. விசாரணை அதிகாரிக்குப் புரியவில்லை. அவர் இன்னும் இதை விபத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். என் தோளைத் தட்டி ஆறுதல்கூடச் சொன்னார். நல்ல மனிதர்.

நான் ஒழுங்கான ஆள். ஊரில் என் வேலை, உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பவர்களுக்கும் வண்ணம் பூசுபவர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது. பத்தொன்பது வருடத்தில் என் ஆட்கள் யாருக்கும் சிராய்ப்புக்கு மேல் ஆனதில்லை. வருடம் ஒருமுறை ஆறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து, மலையேற்றப் பள்ளியில் தன்னார்வப் பயிற்சியாளராக இருப்பேன். சம்பளம் கிடையாது. சாப்பாடு, ஒரு கட்டில், இரண்டு கம்பளி. கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாதவனுக்கு அது தாராளம். "லீவு கெடச்சா ஊரே தூங்கும், எங்கண்ணன் மட்டும் தொங்கும்" என்று தங்கை கேலி செய்வாள். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். என் தோளில் உட்கார்ந்து வளர்ந்தவள்.

போன வருடத்திலிருந்து அவள் வீட்டுக்காரரும் என்னோடு வர ஆரம்பித்தார். லிஃப்ட் மெக்கானிக். உயரம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். பதினோரு வருடமாக வாங்க, போங்க என்பதைத் தவிர ஒருவரையொருவர் வேறு மாதிரி பேசியதே இல்லை. அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் எழுதப்போவதில்லை. அப்படி எழுதினால் பொய்.

அதிகாரிக்காகப் பயிற்சி முறையைச் சொல்லிவிடுகிறேன். பாறையின் உச்சியில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. கயிற்றின் ஒரு முனை ஏறுகிறவரின் இடுப்பில். அது வளையத்துக்குள் புகுந்து திரும்பிக் கீழே வந்து, கீழே நிற்பவரின் இடுப்புப் பூட்டில் மாட்டியிருக்கும். மேலே இருப்பவரின் உயிர் கீழே நிற்பவரின் கையில். இருவருக்கும் நடுவில் இரண்டே சொல். "பிடி" என்றால், கயிற்றை இறுக்கு, நான் பின்னால் சாயப்போகிறேன். "விடு" என்றால், உச்சியில் என்னைக் கட்டிக்கொண்டுவிட்டேன், நீ கயிற்றைப் பூட்டிலிருந்து கழற்றலாம். இந்த நாட்டுச் சொற்கள் நீளம், பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். அதனால் தமிழ்ச் சொற்களை நான்தான் கொண்டுவந்தேன். பிடியை இழுத்துச் சொல்ல வேண்டும், விடுவை வெட்டிச் சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு ஒரே குஷி. சாப்பாட்டு அறையில் ஒருவன் ரொட்டிக் கூடையை விடாமல் வைத்திருந்தால் இன்னொருவன் "விடு" என்று கத்துவான்.

மாப்பிள்ளைக்குத்தான் அது வாயில் நுழையவில்லை. முதல் நாள் உச்சியில் நின்றுகொண்டு நெளிந்தார்.

"உங்களைப் போய் எப்படி மச்சான் விடுன்னு சொல்றது? நாக்கு வரமாட்டேங்குது."

"கயிறு கட்டினா மரியாதையைக் கழட்டிடணும் மாப்ள. ஒரு எழுத்து கூடினாலும் ஆபத்து. விடு. அவ்வளவுதான்."

ஒரு வாரம் பழகி வெட்டிச் சொல்லக் கற்றுக்கொண்டார். கயிற்றைக் கழற்றியதும், பட்ட கடனைத் தீர்ப்பதுபோல் நாலு "ங்க" சேர்த்துப் பேசுவார். மாணவர்கள் முன்னால் நாங்கள் வீட்டு விஷயங்களைச் சத்தமாகவே பேசுவோம். யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியம்தான். தமிழர்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் செய்கிற காரியம் அது.

போன வருடம் நான்காவது வாரத்தில் எனக்கு ஒன்று நடந்தது. பதினோரு மீட்டர் உயரத்தில், நூறு தடவை ஏறிய பாறையில், கால்கள் தையல் இயந்திரம்போல் ஆட ஆரம்பித்தன. பாறையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். மாணவர்கள் அன்று நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை ஏறி வந்து, என் பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குழியில் வைத்து வைத்து, குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார். கீழே வந்ததும் தண்ணீர் கொடுத்தார்.

"விடுங்க மச்சான். யாருக்கும் தெரியாது."

அன்றிலிருந்து ஏறுவது அவர், கீழே நின்று கயிறு பிடிப்பது நான். எனக்கு முட்டிவலி என்று எல்லோரிடமும் அவரே சொல்லிவைத்தார். சாப்பாட்டு அறையில் என் பழைய சாகசங்களைக் கதை கதையாக அளந்தார். நான் கூச்சப்பட்டால், "விடுங்க மச்சான்" என்று சிரிப்பார். நான் நன்றி சொன்னாலும் அதுதான், மன்னிப்புக் கேட்டாலும் அதுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வருடம் முழுக்க ஒருவர் நம்மை மன்னித்துக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் கடைசி வாரத்தில் மாணவர்களைப் பெரிய சிகரத்துக்கு அழைத்துப்போகும் திட்டம் இருந்தது. அறிவிப்புப் பலகையில் தலைமைப் பயிற்சியாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நான் ஏறியிருப்பேன். அந்த நடுக்கம் ஒரு தடவை வந்தது, அவ்வளவுதான், திரும்ப வரும் என்று யார் சொன்னது? செவ்வாய்க்கிழமை காலை பலகையைப் பார்த்தேன். என் பெயர் அழிந்திருந்தது. அழித்த இடத்தில் மாப்பிள்ளையின் பெயர், பள்ளி நிர்வாகியின் கையெழுத்தில். பக்கத்திலேயே என் பெயரையும் எழுதியிருந்தார்கள், "கீழ்முகாம், சமையல் மேற்பார்வை" என்று. கால் மணி நேரத்தில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, பயமா இருந்தா வேணாம்ணா. நீ கீழயே இருந்துக்கோ. அவர் எல்லாத்தையும் பாத்துப்பார்."

பயம் என்ற சொல்லை அவள் வாயால் கேட்டது மிகவும் வலித்தது. சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு பல் துலக்கினேன், கயிற்றைச் சரிபார்த்தேன், பதினான்கு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போனோம். வெயில் நன்றாக இருந்தது.

மாப்பிள்ளை ஏறினார். இருபத்திரண்டு மீட்டர். உச்சி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். தன்னைக் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ளும் தேவையும் இல்லை, கயிறு என் பூட்டில் இருந்தது. அந்தப் பாறையின் நடுவில் ஒரு புடைப்பு இருக்கிறது. மேலே இருப்பவருக்குக் கீழே நிற்பவர் தெரியமாட்டார், குரல்தான். நான் மேலே பார்த்துக் கேட்டேன்.

"மாப்ள, தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன் மச்சான். அவகிட்ட மறைக்க முடியல."

"நிர்வாகிகிட்டயும்?"

"உங்க நல்லதுக்குத்தான். மேல போய் ஏதாவது ஆயிட்டா அவ முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே."

"விடுங்க மச்சான்."

வீடியோவில் இதுவரை இருக்கிறது. மாணவர்களின் காதில் விழுந்தது அதில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே சொல். பதினான்கு பேரும் தனித்தனியாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்: அவர் "விடு" என்றார், இவர் முறைப்படி கயிற்றைக் கழற்றினார், அவர் "பிடி" என்று சொல்லாமலே சாய்ந்துவிட்டார். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. நன்றாகப் பயிற்சி பெற்ற பிள்ளைகள்.

அம்மா, நீங்கள் நேற்று என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அந்த 'ங்க' உங்க காதுல விழுந்துச்சா?" என்று. விழுந்தது. தெளிவாக விழுந்தது. அவர் கயிற்றுக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கயிறு கட்டியிருந்தார். கயிற்றில் இருக்கும்போது ஒரு எழுத்து கூடினாலும் ஆபத்து என்று முதல் நாளே எச்சரித்திருக்கிறேன். விதி என்றால் எல்லோருக்கும் விதி, மாப்பிள்ளை என்பதற்காக மாற்ற முடியுமா? பூட்டைத் திறந்தேன். கயிற்றை எடுத்துத் தரையில் வைத்தேன். கை நடுங்கவே இல்லை. அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், நிர்வாகிக்கும் தெரியட்டும்.

அதன்பிறகு நடந்தது வீடியோவில் இல்லை. அந்தப் பெண் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவராது. ஆனால் விபத்து அறிக்கையில் ஒரு வரி குறைந்தாலும் அது அறிக்கையே இல்லை என்று என் ஆட்களிடம் சொல்கிறவன் நான். தங்கை நாளை விமானத்தில் வருகிறாள். அவளும் முழுதாகவே படிக்கட்டும்.

ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேலே அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது. மனத்தாங்கலுக்குப் பிறகு என்னைப் பார்த்து "பிடி" என்று கட்டளையிட அவருக்கு மனம் வரவில்லை. அதனால், வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். மாணவர்களுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது.

"எறங்கட்டுமா மச்சான்? இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்ள, வாங்க" என்றேன்.

அதில் என்ன பொய் இருக்கிறது? நான் அங்கேதான் இருந்தேன். ஓரடிகூட நகரவில்லை.