ஜுபைருக்குக் கொடுத்த நத்தை

கிழிந்த வலையைத் தைப்பது எனக்குப் பிடித்த வேலை, சார். கை தன்பாட்டுக்கு ஓடும், மனசு சும்மா இருக்கும். அன்றைக்கும் காசிமேட்டில், கட்டிப்போட்ட விசைப்படகில் உட்கார்ந்து நானும் ஜுபைரும் தைத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

ஜுபைர் நல்லவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடலில் விழுந்த என்னை அவன்தான் குதித்து இழுத்தான். எனக்கு மூச்சு நின்றுபோயிருந்ததாம். வாயோடு வாய் வைத்து ஊதிப் பிழைக்கவைத்தான். அதற்குப் பிறகு டீக்கடை, கல்யாண வீடு, எங்கே போனாலும் என் தோளில் கைபோட்டுச் சொல்வான்: "நான் ஊதலேன்னா இவன் மீனுக்குத் தீனி மாமு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் என் மனைவி நர்மதாவும், "அந்த அண்ணன் புண்ணியத்துல கீற, அடங்கு" என்பாள்.

பதிலுக்கு ஒருமுறை நான் அவனைக் காப்பாற்ற வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

வலையில் மீனோடு சேர்ந்து வரும் கழிசலை ஆராய ஒரு மேடம் வருவார். ஜுபைர் வராத ஒருநாள், வரி வரியாய் அழகாக இருந்த ஒரு கூம்பு நத்தையைக் காட்டி எச்சரித்தார்: "உயிரோட இருந்தா தொடாதீங்க. ஊசி மாதிரி பல்லால குத்தி, மீனையே மரத்துப்போக வெச்சு முழுங்கும். மனுஷனுக்கு மாத்து மருந்தே கிடையாது. விஷம் இறங்குற வரைக்கும் யாராவது மூச்சு ஊதிக்கிட்டே இருந்தா பிழைக்கலாம்."

அடுத்து அப்படி ஒன்று வந்தபோது வாளியில் கடல்தண்ணீர் விட்டுப் போட்டுவைத்தேன். வலை தைத்த அன்று அதை எடுத்து, "உன் பொண்ணுக்கு" என்று ஜுபைரிடம் நீட்டினேன். ஹஃப்சாவுக்குக் கிளிஞ்சல் என்றால் உயிர். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னாவோ சுருக்குன்னுச்சு மாமு." கொஞ்ச நேரத்தில், "வாயி மரத்துக்கினு வருது." அப்புறம் பேச்சு வரவில்லை. வலைமேல் சாய்ந்தான். மூச்சு குறைந்துகொண்டே போனது. பாதி மூடிய கண்கள் என்னையே பார்த்தன. இப்போது நர்மதா கண்ணயர்ந்தால் எழுப்பிவிடுகிறேன், சார். அவள் முகத்தில் அந்தப் பாதிக்கண் தெரிகிறது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எனக்கு ஊதத் தெரியும். அதற்காகவே கற்றுவைத்திருந்தேன். ஆனால் படகில் வேறு யாரும் இல்லை. யாரும் பார்க்காமல் காப்பாற்றி என்ன பயன்? கத்திக் கூப்பிட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏலம் போடும் இடத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டம் நன்றாகச் சேர்ந்த பிறகுதான் குனிந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் ஊதினேன்.

அவனை அடக்கம் செய்த அன்று அவன் மனைவி சபீஹா அழுதுகொண்டே கேட்டாள்: "கடைசி வரைக்கும் நீங்கதான் ஊதுனீங்களாமே, அண்ணே?"

ஆமாம் என்றேன். அது பொய்யில்லையே, சார்.