நகல் தராத பிரகதீஸ்வரி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வீரய்யா ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நம் ஆய்வு மையச் செயலாளர் முத்துராஜ் அவர்களே, கீரனூரிலிருந்தும் கந்தர்வக்கோட்டையிலிருந்தும் மீமிசலிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! பெலிக்ஸ் பேசுகிறேன். முனைவர் பிரகதீஸ்வரி அம்மையாரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன். போன வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அழத்தான் வந்தேன். கோபத்தோடு நிற்கிறேன்.

அம்மையார் செய்த வேலை என்ன? நம் மாவட்டத்துப் பெண்கள் வீட்டுக்குள் வாங்கும் அடி உதையைப் பற்றி நம் மையம் கணக்கெடுத்தது. முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே, மீன் காயப்போட்டுக்கொண்டே அந்தப் பெண்கள் சொன்னார்கள். பெற்ற தாயிடம் சொல்லாததையெல்லாம் சொன்னார்கள்! "வெளிய தெரிஞ்சா என்னயக் கொன்னுருவாங்க மேடம்" என்று பயந்துகொண்டே சொன்னார்கள். "தெரியாதுங்க, நான் இருக்கேன்" என்று அம்மையார் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பதுதான் அவர் வேலை.

பேரை நீக்கிவிட்டால் போதாதா என்று சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். அம்மையார் சிரித்துவிட்டார். "சார், புருசன் குவைத்துல, மூணும் பொம்பளப் புள்ளைங்க, தெருவுல ஒரே மாடி வீடு. இத வச்சுக்கிட்டு இங்கிட்டு யாரக் கேட்டாலும் வாசல்லயே கொண்டுபோயி விட்டுருவாங்க. பேரு எதுக்கு சார்?" பேராசிரியரும் விடவில்லை. "அப்ப பூட்டியே வச்சுக்குங்க" என்றார். "பூட்டி வைக்கவா அந்தப் புள்ளைங்க வாயத் தொறந்து சொன்னாங்க?" என்று கேட்டார் அம்மையார்.

பூட்டி வைத்தால் யாருக்கு லாபம்? அடித்தவனுக்குத்தானே! அதனால் அவர் ஒரு வாசலைத் திறந்தார். ஆய்வாளர் டெல்லியில் இருக்கட்டும், நாகர்கோவிலில் கைக்குழந்தையோடு இருக்கட்டும்; ஆளைச் சரிபார்த்து, உறுதிமொழி வாங்கி, நம் மையத்துக் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையவிட்டார். அவர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், கணக்குப் போடலாம். ஒரு வரியைக்கூட நகல் எடுக்க முடியாது. கடைசியில் வரும் அட்டவணையும், எந்தப் பெண்ணையும் அடையாளம் காட்டாது என்று அம்மையாருக்கு உறுதியான பிறகுதான் வெளியே போகும். அப்படிப் போன ஒரு முடிவுதான் கடலோரப் பெண்களுக்கு ஓர் உதவி மையத்தை வாங்கிக் கொடுத்தது.

அதற்கு எத்தனை ஏச்சு! "இந்தம்மாகிட்ட ஒரு டேபிள் வாங்குறதுக்குள்ள தாவு தீந்துரும்" என்று அட்டவணைக்குக் காத்திருந்த ஆய்வாளர்கள் என் காதுபடவே பேசினார்கள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பென் டிரைவோடு வந்து, "ஒரு காப்பி போட்டுக் குடும்மா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். "எனக்குத் தெரியுமுங்களே" என்றார் அம்மையார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அவர் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. அதற்குள் அதே பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது! நிதி கொடுத்தவர்கள் முழுத் தரவையும் நகலாகக் கேட்கிறார்களாம். தொலைவிலிருந்து நுழையும் ஏற்பாட்டை மூடிவிடலாமாம். செயலாளர் அவர்களே, இந்த மைக்கிலேயே சொல்கிறேன்: தர மாட்டோம்! என் வேலை போனாலும் தர மாட்டோம்!

இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் நேற்று இன்னொன்றும் கேட்டார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். "அந்தக் கணக்கெடுப்புல பேசுன பொம்பள ஒருத்தர மேடையேத்தி நாலு வார்த்த பேச வைங்க பெலிக்ஸ், உருக்கமா இருக்கும்." உருக்கமா? மேடையை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போவாள் ஐயா?

யாரும் மேடையேற மாட்டார்கள். அந்தப் பெண்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். அடித்தவனே வண்டியில் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அம்மையார் போன பிறகும் தெரியாது! நாளைக் காலை ஆய்வாளர்களுக்கு அந்த வாசல் திறந்திருக்கும். ஒவ்வொரு அட்டவணையையும் பார்க்க நான் உட்கார்ந்திருப்பேன். பிரகதீஸ்வரி அம்மா, நிம்மதியாகப் போய்வாருங்கள். இங்கே ஒருத்தியைக்கூட எவனும் கை காட்ட முடியாது.