ஜன்னலோரம் ஐந்து செடிகள்

இன்ஸ்பெக்டர் ஐயா, என் சமையலறை ஜன்னல் தெற்குப் பார்த்தது. அதற்காகத்தான் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தேன். ஆளுக்கு மூன்று கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்று ஜெர்மனியில் சட்டம் வந்ததும், இந்த லைப்சிக் நகரில் பலரும் செய்ததையே நானும் செய்தேன். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து எப்படி வந்தது என்று கேட்டீர்கள். முறையாகச் சொல்கிறேன்.

ஜன்னல் வெயில் போதுமா என்று கணிக்க எளிய வழி உண்டு. நடுப்பகலில் செடி வைக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை விரித்து, ஒரு சாண் மேலே கையை நீட்ட வேண்டும். விரல்களின் நிழல் தனித்தனியாக விழுந்தால் போதும். எனக்கு விழுந்தது வெறும் கலங்கல். கண்ணாடியைத் துடைத்தேன், திரையைக் கழற்றினேன், சுவருக்கு வெள்ளையடித்தேன். கலங்கல் தெளியவில்லை. எதிரே, முற்றத்தில் வெயிலை மறித்துக்கொண்டு லிண்டன் என்கிற பெரிய நிழல்மரம் நின்றது.

மாடிவீட்டு டெட்லெஃப் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஒரு விளக்கு வாங்கி மாட்டுங்க சார். இந்த வெளிச்சத்துல வெங்காயத்தாள்கூட வராது."

சூரியன் சும்மா கிடைக்கும்போது விளக்குக்குக் காசு கொடுக்க எனக்கு ஒப்பவில்லை. இரண்டு செடியாவது பட்டுப்போகும் என்று ஐந்து விதை போட்டேன். கணக்கு சரியான கணக்குதான்.

அந்தக் கோடையில் மழையே இல்லை. மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும்படி நகராட்சி கேட்டுக்கொண்டது. நான் தினமும் வாளி வாளியாகச் சுமந்து லிண்டனுக்கு ஊற்றினேன். கீழ்வீட்டு ரோஸ்விதா கிளாகெஸ் அம்மாவின் கணவர் கல்யாணமான வருஷம் நட்ட மரம் அது. அவர் போன பிறகு அந்த அம்மா அதன் அடியில் உட்கார்ந்துதான் காபி குடிப்பார்.

"இடுப்பு வலியோட இப்படிச் சுமக்கிறீங்களே. எங்க வீட்டுக்காரர் இருந்தா உங்களக் கட்டிப் புடிச்சிருப்பாரு" என்று பிளம் கேக் கொண்டுவந்து கொடுத்தார். கேக் நன்றாக இருந்தது.

ஆகஸ்டில் இலை முழுதும் கொட்டியது. மண்ணை ஆராய்ந்தவர், வேரில் யாரோ உப்பு போட்டிருக்கிறார்கள் என்றார்.

"வேற யாரு, மேல இருக்கானே அவன்தான்" என்றார் கிளாகெஸ் அம்மா. "மரத்துப் பிசின் கார்ல ஒட்டுதுன்னு தொடைக்கிறப்பல்லாம் திட்டுவான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறர்மேல் பழி போடுவது என் வழக்கமில்லை. படிக்கட்டில் யாரும் வணக்கம் சொல்லாமல் போகவே டெட்லெஃப் வீட்டைக் காலி செய்தார். என் வாளியில் உப்பு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மரத்தை வெட்டினார்கள். வெயில் வந்தது. தாளில் என் நகம்கூடத் தெரிந்தது. பட்டுப்போகும் என்று நினைத்த இரண்டும் சேர்ந்து ஐந்தும் தழைத்தன. அடிமரத்தின் பக்கத்தில் காபியோடு உட்காரும் கிளாகெஸ் அம்மாவுக்கு அண்ணாந்து பார்க்க இப்போது என் ஜன்னல்தான் இருந்தது.

"அஞ்சு இருக்கே சார்" என்றார். "சட்டம் மூணுதானே?"

அவர்தான் உங்களுக்குப் போன் செய்தார். அதில் எனக்கு வருத்தமில்லை, ஒழுங்கானவர்.

அதிகப்படியான இரண்டைப் பிடுங்கிப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் ஒருநாள் தண்டில் கை வைத்தேன். துளிர்த்து நிற்கிற உயிரை வேரோடு கொல்ல மனசு வரவில்லை, ஐயா. அந்த இளகிய மனசுதான் குற்றம் என்றால், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.