காது தைத்த முயல்

— காத இன்னாமே பண்ண?

— எந்தக் காதய்யா?

— முயலு காதத்தான்! வேலிகாத்தான் முள்ளுல கெடந்து நான் படம் எடுத்த முயலு. நெகட்டிவ்ல தூசி மட்டும் எடுத்துக் குடு ரத்னான்னுதான உங்கையில குடுத்தேன்?

— தோ பாரு, தூசியும் எடுத்தேன். எடது காது கிழிஞ்சி கெடந்திச்சி, அதயும் தெச்சி வுட்டேன்.

— தெச்சி வுட்டியா!

— பென்சில்லதான். வாலாஜாபாத் சந்தைக்கு வர்ற கெழவிங்க நம்ம ஸ்டுடியோ படி ஏறுனா இன்னா சொல்றாங்க? "அம்மாடி, காது ஓட்ட அறுந்து போச்சி, படத்துல மட்டும் ஒட்டிக் குடு"ன்னுதான. கிழிஞ்ச காதப் பாத்தா எங்கையி சும்மா கெடக்காது. இந்தா, பிரிண்ட்ட வெளிச்சத்துல புடிச்சிப் பாரு. எங்க தெச்சேன்னு காட்டு பாக்கலாம்.

— தெரியல.

— தெரியாதுய்யா. மெட்ராஸ் எக்சிபிஷன்காரனுக்கும் தெரியாது.

— அதான்மே வவுத்தெரிச்சல்! மெய்யாலுமே சொல்றேன், அந்தக் கிழிசல் இல்லன்னா இது வேற முயலு. சேரப்பணஞ்சேரி நாகப்பன் கீறான் பாரு, வல கட்டி முயலு புடிக்கிறவன், அவன் வலையில மாட்டிச்சி இது. அவன் ஓடியாந்து அமுக்கறதுக்குள்ள காதப் பிச்சிகினு ஓடிட்ச்சி. இன்னிக்கி வரைக்கும் ஊரே அவனப் பாத்து சிரிக்கிது.

— அந்த முயலையா எடுத்த?

— பின்ன? முயலு போன தடத்துலதான் திரும்பப் போவும். அவன் வல கட்டுற எடத்துல நான் கேமராவ வெச்சேன். பட்டன்ல நூலு கட்டி, நூல கையில புடிச்சிகினு கோணிக்குள்ள படுத்துகினேன். எத்தினி காலையில வெறுங்கையோட வந்தேன், நீதான பாத்த? அன்னிக்கி வெயில் ஏறற நேரத்துல வந்து நின்னிச்சி பாரு, பின்னாலேர்ந்து வெளிச்சம் பட்டு ரெண்டு காதும் தகதகன்னு மின்னிச்சி. நூல இழுத்துட்டேன். மெட்ராஸ் எக்சிபிஷனுக்கு எவன் எத அனுப்பட்டும், இப்பிடி ஒன்னு வராது. இன்னிக்கிதான் கடைசி நாளு, மதியம் பஸ்ஸுல நம்ம கடப் பையன் தாவீது எடுத்துகினு போறான். இப்பப் போயி காதத் தெச்சி வெச்சிகீற.

— கலர் படமெல்லாம் வந்துட்ட காலம்யா இது. கருப்பு வெள்ளையில கிழிஞ்ச காத எவன் நின்னு பாப்பான்? அழகா இருந்தாத்தான் பிரைசு குடுப்பான். ஆமா, ஒன்னு கேக்கறேன். இந்த மேகம் எந்த ஊரு மேகம்?

— தென்னேரி.

— ஆங்! ஏரிக்கரையில எடுத்த மேகத்தக் கொண்டாந்து முயலு தலைக்கு மேல ஒட்டிகீற. முன்னால கெடந்த குச்சிங்கள என்லார்ஜர் வெளிச்சம் ஜாஸ்தி காட்டிக் கருப்பாக்கிட்ட. நீ பண்ணா சரி, நான் பண்ணா தப்பா?

— மேகத்துக்கு மூஞ்சி கீதா? மாத்துனா அதுக்கு ஒன்னும் கொறஞ்சி போவாது. முயலுக்கு அந்தக் காதுதான்மே மூஞ்சி. அது பட்ட பாடெல்லாம் அதுல கீது. அத மூடிட்டா இது யாரு?

— நாலு பேரு பாக்கற சுவத்துல கிழிஞ்ச காதோட நின்னா அதுக்குக் கேவலம் இல்லியா?

— அதுக்கு இன்னா கேவலம்? தல நிமிந்து நிக்கிது பாரு, மகாராணி கணக்கா. வெக்கப்படறதா இருந்தா வல போட்டவன் வெக்கப்படணும்.

— இன்னொரு தபா சொல்லு.

— எத?

— கடைசியா சொன்னியே, அத.

— வல போட்டவன் வெக்கப்படணும். இன்னாமே, கண்ணு கலங்குது? நான் உன்னத் திட்டலியே.

— ஒன்னுமில்ல. டர்பன்டைன் பாட்டில எடு, பஞ்சும் எடு. பென்சில்தான், தொடச்சா வந்துரும். கத்தி வெச்சி சொரண்டல.

— பாத்து ரத்னா, மெதுவா. வேற நெகட்டிவ் கெடையாது.

— எங்கையிக்கு நீ சொல்லித் தர வேணாம். தோ, வந்துட்ச்சி. பாரு.

— அடடா! மெய்யாலுமே மகாராணிதான். நாகப்பன இட்டாந்து இதுக்கு முன்னால நிக்க வெக்கணும். வா, டார்க் ரூமுக்குப் போயி புச்சா ஒரு பிரிண்ட்டு போட்ருவோம். மேகத்தையும் எடுத்துரட்டா?

— மேகம் இருக்கட்டும். நல்லாத்தான் கீது.

— சரி மகாராணி.

— தாவீது பஸ் ஏறுனதும் ஸ்டுடியோ லைட்டப் போடு. என்னிய ஒரு படம் எடு. ஷோகேஸ்ல தொங்குற நம்ம கல்யாணப் படத்த எறக்கிட்டு அத மாட்டணும்.

— ஏன்மே, அதுல லட்சணமாத்தான கீற?

— அதுல என் வலது காத நானே பென்சிலால தெச்சி வெச்சிகீறேன்.

— அது தெரியும். உன் மொத புருசன் வூட்ல மாட்டுக் கொம்புல கம்மல் மாட்டி கிழிஞ்சிச்சின்னு உங்கம்மா சொன்னாங்களே. அதுக்கு இன்னா இப்ப?

— மாடு இல்லய்யா, அவன்தான். கம்மல் அவன் கையில நின்னுட்ச்சி, நான் காதப் பிச்சிகினு ஓடியாந்துட்டேன். கொண்டையத் தூக்கிக் கட்டிக்கிறேன், காது நல்லா தெரியறாப்பல எடு.