பட்டன் பாட்டுல நாலைக் காணோம்

இல்லக்கா, தண்ணி எல்லாம் வேணாம். உக்காரச் சொன்னீங்களே, அதுவே போதும். மேடம்னு கூப்பிடாதேன்னு சொன்னதுல பாதி பயம் போயிடுச்சு. மீதியா? அது கூடவே பொறந்தது, அது எங்க போகும். ரெண்டு தரம் உங்க வாசல் வரைக்கும் வந்துட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கேன், தெரியுமா? குழந்தைங்க பத்திரிகை ஆபீஸ்னா சுவர் பூரா பொம்மையா இருக்கும்னு நெனச்சேன். இங்க பாத்தா மூட்டை மூட்டையா காகிதம். எங்க கடையில துணி, இங்க தாள், அவ்ளோதான் வித்தியாசம்.

ஆமாக்கா, லாண்டரிதான். வர்ற துணியோட பையெல்லாம் துழாவிட்டு, வெள்ளை தனி, கலர் தனின்னு பிரிக்கிற வேலை. அஞ்சாங் கிளாசோட என்னை நிறுத்திட்டாங்க. உக்காந்து எழுதுற அளவுக்கு எனக்கு என்ன தெரியும்? துணி பிரிக்கிறப்போ வாய் சும்மா இருக்காது, அதுல வந்ததுதான் எல்லாம்.

பாட்டுக்கு எங்கேர்ந்து விஷயம் கிடைச்சுதுன்னு கேட்டீங்களே. எல்லாரும் எதையாவது சேத்து வெக்கிறாங்கக்கா. கவனிச்சுப் பாத்திருக்கீங்களா? எங்க முதலாளி ஜோடி தொலைஞ்ச சாக்ஸ் எல்லாத்தையும் ஒரு அட்டைப் பெட்டியில போட்டு வெச்சிருக்காரு. தூக்கிப் போடுங்கண்ணேன்னு சொன்னா, வருவான், எங்க போயிடுவான்னு சொல்லுவாரு. வீட்டை விட்டு ஓடிப்போன மாப்பிள்ளையைச் சொல்ற மாதிரி! அதுதான் அந்த முதல் பாட்டு.

ஒத்தைக் காலு சாக்ஸு ஒண்ணு
ஒம்பது மாசமாக் காத்திருக்கு;
ஜோடி வரும்னு பெட்டி மூடியை
எட்டி எட்டிப் பாத்திருக்கு.

சிரிக்கிறீங்க. அவளும் இதுக்குத்தான் சிரிப்பா. என் பொண்ணு. ஆறு வயசு. ஸ்கூல் விட்டதும் நேரா கடைக்கு வந்து அழுக்குத் துணி மூட்டை மேல ஏறி உக்காந்துக்குவா. ராணின்னு நெனப்பு. பாட்டு சொல்லும்மான்னு ஒரே நச்சரிப்பு. மேல் வீட்டு டீச்சரம்மா பிடிக்கக்கூட முடியாத துண்டுப் பென்சிலா டப்பா நிறைய வெச்சிருக்காங்க. வேன் ஓட்டுற அண்ணன் பறவை இறகா பொறுக்கி வண்டி முன்னாடி செருகி வெப்பாரு. என்னிக்காவது வண்டி பறந்துடும் அண்ணேன்னு கிண்டல் பண்ணுவோம். அவங்களை எல்லாம் அவளுக்காகப் பாட்டாக்குனதுதான்.

தபால்ல போட்ட பாட்டை நீங்க திருத்தி அனுப்பினது எல்லாம் பாத்தேங்க்கா. மூணு தரம் படிச்சேன். பென்சில் பாட்டுல ஒரு வரி எடுத்திருக்கீங்க, நல்லதுதான், அது நொண்டிச்சு. இறகு பாட்டே வேணாம்னாலும் சரி. எதை வேணாலும் வெட்டுங்க. அந்தப் பட்டன் பாட்டு மட்டும்...

நான் எழுதினது இப்படி.

பட்டன் பட்டன் எத்தனை பட்டன்?
ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு!
சட்டைக்கெல்லாம் குளிருதாமே,
சீக்கிரம் தையடி செல்லக் குஞ்சு!

நீங்க நாலுன்னு போட்டு, கடைசியில செல்ல வாலுன்னு மாத்திட்டீங்க. அழகாத்தான் இருக்கு. என்னைவிட நல்லா வந்திருக்கு, சத்தியமா. ஆனா அதைப் பழையபடியே விட்டுடுங்கக்கா.

குழந்தைங்க தப்பா கத்துக்கும்னு சொல்றீங்க. ஆமா, அது சரிதான். இல்ல, எனக்கு எண்ணத் தெரியாம விட்டுப் போகல. அவளுக்கும் நாலு தெரியும். மாடிப்படி ஏறுறப்போ ஒண்ணு விடாம எண்ணுவா. பட்டனுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. மெஷினுக்கு அடியில உதிர்ந்து கிடக்கிற பட்டனை எல்லாம் அவளுக்குன்னு ஒரு டப்பாவுல போட்டுக் குடுப்பேன். தரையில வரிசையா அடுக்குவா. மூணு வெச்சதும், அடுத்ததை எடுத்து என் கையில வெச்சு, விரலை ஒவ்வொண்ணா மடக்கி மூடிடுவா. அப்புறம் அஞ்சுன்னு ஆரம்பிப்பா. நாலு எங்கடின்னா, அது உன்னுது, அதை எண்ணக்கூடாதும்பா. என்ன நியாயமோ போங்க! ஒரு நாள் கூட மாத்தினதில்ல.

வேணும்னா கீழ ஒரு வரி போடுங்கக்கா. எந்த எண் விட்டுப் போச்சு, கண்டுபிடிங்கன்னு. குழந்தைங்க குஷியாயிடும். அப்படிப் போடலாம்ல? சரின்னு சொன்னீங்களா? நிஜமாவா? ஐயோ, ரொம்ப... இருங்க, ஒண்ணுமில்ல, கண்ணுல சோப்புத் தூள். காலையில வேலை பாத்த கை.

கையெழுத்தா? குடுங்க. கொஞ்சம் நேரமாகும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உங்களை நம்பாம இல்லக்கா. முன்னாடி ஒரு தரம் படிக்காமப் போட்டுட்டேன். வாராவாரம் வந்து பாத்துக்கோன்னு வாயால சொன்னாங்க, காகிதத்துல அது இல்ல. அதுலேர்ந்து எதையும் படிச்சுட்டுத்தான் போடறது.

ம். போட்டுட்டேன்.

பேரா? பேரு வேணாங்க்கா. இல்லல்ல, வெக்கமெல்லாம் இல்ல. லாண்டரிக்காரின்னும் போட வேணாம், தெரிஞ்சிடும். அவ இப்போ அவங்க அப்பா வீட்டுல இருக்கா. எட்டு மாசமாச்சு. நான் போட்ட லெட்டர் எல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்துடுச்சு. போன மாசம் ஸ்கூல் வாசல்ல எதிர்ப் பக்கமா நின்னு பாத்தேன். அவ என்னைப் பாக்கல, அத்தை கையைப் பிடிச்சுட்டுப் போயிட்டிருந்தா. அவ பையிலேர்ந்து உங்க பத்திரிகை பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதான் விலாசம் தேடிப் பாட்டை அனுப்பினேன். பேரு இருந்தா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டுத்தான் அவகிட்ட குடுப்பாங்க.

சும்மா விட்டுடுங்கக்கா. யாரு எழுதினதுன்னு அவளுக்குத் தெரியும்.