இடது கெண்டைக்கால்

எண்ணெயை யார் உடம்பில் ஊற்றுவதற்கு முன்பும் ஒரு சொட்டை என் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்ப்பேன். குழந்தைக்குப் பால் புகட்டும் முன் தாய்மார்கள் பார்ப்பதுபோல. இருபத்திரண்டு வருடத்தில் என் கையால் ஒருவருக்கும் சூடு பட்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. எழுதவில்லையா, பரவாயில்லை.

நான் உடம்பு பிடித்துவிடுபவன். கழுத்துப் பிடிப்பு, இடுப்பு வலி, உயர்த்த முடியாத தோள். சிலருக்கு அக்குபஞ்சர் ஊசி வைத்தும் வலியைத் தணிப்பேன். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு மூட்டை மறுபடி பழக்கிவிடுவதுதான் அதிகம். யாரைத் தொடுவதற்கு முன்பும் கண்ணை மூடி, ‘இவருக்கு நல்லது நடக்கட்டும்’ என்று கடவுளிடம் சொல்லிக்கொள்வேன். அரை நிமிட வேலைதான். ஆனால் கை அதற்குப் பிறகுதான் சூடாகும்.

என்னைத் தேடி யாரும் வரவில்லை. நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்த பஸ் ஓட்டுநர் ஒருவர் இறந்து இருபது நாள் ஆகிறது. காலில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பி நுரையீரலில் அடைத்துக்கொண்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். முழங்கால் அறுவைக்குப் பிறகு அப்படி நடப்பதுண்டு. யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. அவர் மனைவி மட்டும் தன்னைச் சந்தேகிக்கிறார். அந்த அக்கா தையல்காரர். முந்தின நாள் சாயங்காலம் கணவர் கேட்டாரென்று அந்தக் காலைச் சற்றே நீவிவிட்டிருக்கிறார். “இந்தக் கையாலதான் தம்பி நான் அவரைக் கொன்னுட்டேன்” என்கிறார். தையல் மெஷினைத் தொடுவதில்லை. உள்ளங்கைகளை மடியில் கவிழ்த்துப் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவர் மனப்பாரத்தைக் குறைக்க நம்மால் ஆகிற சின்ன உதவியைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன்.

அவர்கள் வீடு இரண்டாவது மாடியில். முன்னறையிலேயே கட்டில். ஜன்னலோரம் தையல் மெஷின், அதைச் சுற்றிப் பள்ளிச் சீருடைக்கு வெட்டிய நீலத் துணிகள். முதல் வாரம் நான் செய்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. முழங்காலை எத்தனை மடக்கலாம், எப்போது நிறுத்தலாம், எல்லாம் காட்டிக்கொடுத்தேன். கட்டிலிலிருந்து எழுவதற்கும் ஒரு வழி சொன்னேன்.

“ஐயா, கட்டில் கம்பியப் பிடிக்காதீங்க, அது ஆடுது. அக்காவோட ரெண்டு முன்னங்கையையும் இறுக்கிப் பிடிங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுல எந்திரிங்க.”

“இவளைப் பிடிச்சா இவ ஒடைஞ்சு போவா. ரெண்டு பேரையும் நீதான் ஒட்டவைக்கணும்.”

“ஒடைய மாட்டாங்க. நல்லா இறுக்கிப் பிடிங்க.”

அவர் எழுந்தார். அறுவைக்குப் பிறகு முதல் முறையாகத் தன் காலில் நின்றார். அக்கா கண் கலங்கினார். நானும் திருப்தியோடுதான் வீடு திரும்பினேன்.

ஆனால் அந்த உடம்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் பஸ் ஓட்டிய உடம்பு. குதிகால்களில் விரல்நுனி நுழையும் அளவுக்கு வெடிப்பு, அதற்குள் கறுப்பாக ஏதோ. பெருவிரல் நகம் மாட்டுக் கொம்புபோல மஞ்சளாகச் சுருண்டிருக்கும். உட்கார்ந்தபடி பாதத்துக் காய்ப்பைப் பிய்த்துப் பிய்த்து விரிப்பின் மேலேயே போடுவார். நான் துண்டை விரிக்கப் போனால் அந்தத் தோல் துணுக்குகள் துள்ளும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர். அதில்தான் சளியைத் துப்புவார். துப்பிவிட்டு எட்டிப் பார்ப்பார், கணக்குச் சரியா என்பதுபோல. ஒருநாள் நான் மசாஜ் செய்துகொண்டிருக்கும்போதே நகம் வெட்டினார். ஒரு துண்டு பறந்து வந்து என் எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்தது. விரலை விட்டு எடுத்தார். விரலைப் பனியனில் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் ஆகாது, ஊத்து. என் நகம், என் காலு.”

ஊற்றினேன். அன்று வீட்டில் கையை எத்தனை முறை கழுவினேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். நீங்களும் முகத்தைச் சுளிக்கிறீர்கள். அப்படியானால் என்னைப் புரிந்துகொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அவர் எனக்கு வைத்த பெயர் ‘மாவு பிசையறவரே’. நான் போகும்போதெல்லாம் அவரிடம் ஓர் ஆரஞ்சு இருக்கும். அந்த நகத்தாலேயே அதை உரிப்பார். பாதியைத் தின்றுவிட்டு மீதிச் சுளைகளை மருந்து டப்பா மூடியில் அடுக்கி வைப்பார்.

“மாவு பிசையறவரே, உனக்குன்னு எடுத்து வெச்சேன். தெம்பா இருந்தாத்தான என்னைப் பிசைய முடியும்.”

சுளைகளில் அவர் விரலின் ஈரம் இருக்கும். நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொள்வேன். படியிறங்கி, தெருமுனைச் சாக்கடையில் போட்டுவிடுவேன். அவர் பார்க்கும்படி ஒரு நாளும் போட்டதில்லை. மனிதர் மனம் நோகக் கூடாது.

மனைவியிடம் அவர் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

“ஏய் ஊசிக்காரி, நான் செத்ததுக்கு அப்புறம்தான் டீ வருமா?”

“செத்தா டீ மிச்சம். பேசாம படு.”

“பாத்தியா மாவு பிசையறவரே, என் சாவுல லாபம் பாக்கறா.”

அக்கா சிரிப்பார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அதே கையால் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். பயத்தில் சிரிக்கிற பெண்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். உடம்பைத் தொட்டே பழகியவனுக்கு வாய் சொல்வது இரண்டாம்பட்சம்.

ஐந்தாவது வாரம் அக்கா எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தபோது சட்டைக் கை மேலேறியது. முன்னங்கையில் நீலமும் பச்சையுமாகக் கன்றிய தடங்கள். வெளிப்புறம் நான்கு, உட்புறம் ஒன்று. இரண்டு கையிலும். ஓர் ஆண் கையின் அளவு.

“இது என்னக்கா?”

“ஒண்ணுமில்ல தம்பி. தோலுக்கு வயசாயிடுச்சு. தொட்டாலே கன்னிப்போகுது.”

கட்டிலிலிருந்து அவர், “தொட்டாத்தான? கல்யாணத்துல தொட்டதோட சரி” என்றார். அக்கா மறுபடியும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவரின் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருக்கிறேனே என்று தோன்றியது. அந்த அக்கா அவருடைய சளியைக் கழுவுகிறார், மலம் துடைக்கிறார், அதற்குக் கூலி இந்தத் தடங்கள். ஒரு நல்ல பெண்ணுக்கு இன்னும் எத்தனை வருடம் இப்படி என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். அக்காவுக்காகக் கடவுளிடமும் கேட்டேன்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் போனேன். ஒவ்வொரு முறையும் இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுதுவது வழக்கம். முந்தின வாரம் வலது முப்பத்தேழு சென்டிமீட்டர், இடது முப்பத்தெட்டு. அன்று வலது முப்பத்தேழு, இடது நாற்பத்தொன்று. தோல் மினுமினுவென்று இறுகி, லேசாகச் சிவந்திருந்தது. புறங்கையை வைத்தேன். இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் வெளிப்புறம்போல் இருந்தது.

எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லித் தருவது ஒன்று உண்டு. படுத்தே கிடப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்காதே, அந்த நிமிடமே மருத்துவமனைக்கு அனுப்பு. உள்ளே கட்டி இருக்கலாம். தேய்த்தால் அது கிளம்பும். எனக்கு எது மறந்தாலும் இது மறக்காது.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

“தம்பி, காலையிலேருந்து கால் இப்படிச் சூடா இருக்கே. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடட்டுமா? ஏதாவது வீங்கினா கூப்பிடுங்கன்னு அன்னிக்கே சொன்னாங்க.”

“வேணாம்க்கா. நடக்க ஆரம்பிச்சா தசை இப்படித்தான் இறுகும். நான் நல்லா நீவிவிட்டாச் சரியாயிடும்.”

“நீங்க சொன்னாச் சரி.”

அவர் முகத்தில் கவலை அப்படியே இறங்கிப் போனதைப் பார்த்தேன். மெஷினுக்குத் திரும்பினார். நான் நோட்டில் இடது முப்பத்தெட்டு என்று எழுதினேன். கண்ணை மூடினேன். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. ‘அக்காவுக்கு நல்லது நடக்கட்டும்’ என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு தேய்த்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, இரண்டு கட்டைவிரலையும் ஊன்றி. இருபது நிமிடம். மெஷின் ஓடும் சத்தத்துக்கு என் கை தாளம் சேர்ந்துகொண்டது. அவர் பல்லைக் கடித்தார்.

“வலிக்குதுய்யா.”

“கட்டி உடையறப்ப வலிக்கத்தான் செய்யும் ஐயா. மூச்சை இழுத்து விடுங்க.”

இழுத்து விட்டார். சொன்னபடி கேட்பவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் தலையணையில் சாய்ந்து, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “உன் கையி தங்கம்யா” என்றார். மருந்து மூடியில் பாதி ஆரஞ்சு இருந்தது. அன்று மட்டும் அங்கேயே நின்று, அவர் பார்க்க, ஒவ்வொரு சுளையாகத் தின்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். “ஏய், இன்னிக்கித்தான் என் முன்னாடி சாப்பிட்டாரு, பாரு” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைசிச் சுளையை மெல்லாமல் விழுங்கினேன்.

சாயங்காலம் கால் இன்னும் வலிப்பதாகச் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். அக்கா லேசாக நீவியிருக்கிறார். மறுநாள் காலை கழிவறைக்குப் போக எழ முயன்றார், மூச்சு வாங்கியது, அக்காவின் மேலேயே சரிந்துவிட்டார். அவ்வளவுதான்.

பத்தாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். அக்காவின் தோள் கல்லாகிக் கிடந்தது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிடித்துவிட்டேன். அப்போது அவராகவே சட்டைக் கையை மடித்து முன்னங்கையைக் காட்டினார். பழைய தடங்களின் மேல் புதிதாகப் பத்து விரல், கருநீலம் மஞ்சளாக மங்கியபடி.

“நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே பிடிச்சாரு தம்பி. ஒண்ணு, ரெண்டுன்னாரு. மூணு சொல்லல. தெனமும் பிடிச்சுப் பிடிச்சு எந்திரிக்கறப்பல்லாம் கன்னிப்போச்சா, ராத்திரி அதுல தைலம் போட்டுக்கிட்டே மன்னிப்புக் கேப்பாரு. இதுவும் இன்னும் நாலு நாள்ல மறைஞ்சுடும்.”

மறைந்துவிடும் என்றுதான் அழுதார். அந்தக் கையில் தண்ணீர்கூட அழுத்திப் படாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நீங்கள் எழுதும் வேகம் கூடியிருக்கிறது. நான் தவறாகப் புரிந்துகொண்டேன், ஓர் அபலைப் பெண்ணைக் காப்பாற்ற நினைத்து ஏமாந்துவிட்டேன் என்று எழுதுகிறீர்கள். அப்படி எழுதினால் எனக்கும் நல்லதுதான். ஆனால் நான் பொய் சொல்லிப் பழகாதவன்.

தடங்களைப் பார்த்த அதே நாள், நான் கிளம்பும்போது, அவரை எழுப்பி நிற்கவைத்தேன். என் கண் எதிரில் அக்காவின் முன்னங்கைகளைப் பிடித்தார். நான்கு விரலும் வெளியே, கட்டைவிரல் உள்ளே, தடத்தின் மேலேயே தடம். நான்தான் “ஒண்ணு, ரெண்டு, மூணு” எண்ணினேன். மூன்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை அந்த வீட்டுப் படியேறும்போதும் தெரியும். டேப்பை எடுக்கும்போதும் தெரியும்.

எனக்கு அந்தக் காலைப் பிடிக்கவில்லை. அந்த நகத்தை, அந்த டம்ளரை, அவர் கை பட்ட அந்தச் சுளைகளை. வாரம் இரண்டு முறை, இன்னும் மூன்று மாதம் போக வேண்டியிருந்தது. வேறு காரணம் தேடித்தான் பார்த்தேன் அம்மா. அக்கா மட்டும்தான் கிடைத்தார்.

அவரிடம், நீவியது குற்றமில்லை, ஏற்கெனவே முடிந்துபோன விஷயம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கைகள் மறுபடி மெஷினைத் தொடட்டும். என் பெயரை மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள், என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர்.

முதலில் நான் சொன்னதை நீங்கள் இன்னும் எழுதவில்லை. கடைசியிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புதன்கிழமையும் எண்ணெயை என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சூடு அதிகமாக இருந்தது. ஆறும்வரை காத்திருந்துதான் அவர் காலில் ஊற்றினேன்.